போச்சு என்று சொல்லாதவர்

ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் அதைக் காதில் வைத்துக்கொள்வார். ஒயரைச் செருகிவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்பார். தூரத்தில் இருக்கும் யாருடனோ போன் பேசுவது போலிருக்கும். கொண்டுவந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே தட்டு சுற்றுகிறதா, அதைப் படிக்கும் முள் எங்கேயாவது முட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கண்ணைத் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே பதில்.

"இருக்கும். எங்க போகப் போகுது? விட்டுட்டுப் போங்க, பாப்போம்."

அவர் பெயரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில், சாயப் பவுடர் விற்கும் கடைக்கு மேலே, நெட்டுக்குத்தான படி ஏறிப் போனால் அவருடைய சர்வீஸ் கடை. ஒரே அறை. மூடி கழற்றிய கம்ப்யூட்டர்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். மூலையில் ஒரு சின்ன பிரிட்ஜ். அதில் இட்லி மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் பாலித்தீன் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று எப்போதும் கிடக்கும். சூடு தணிந்தால் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் எடுக்கிறதை எடுத்துவிடலாம் என்பார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். சுங்குடிச் சேலை, கொண்டையில் செருகிய ஸ்க்ரூ டிரைவர். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர மொழியில் பேசுவார். அப்போது மட்டும் குரல் உயரும், சண்டைகூடப் போடுவார். போனை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தால் பழையபடி தணிந்த குரல்.

அந்தக் கடையில் 'போச்சு', 'முடியாது' என்ற சொற்கள் கிடையாது. முழுசாகக் கெட்டுப்போன டிஸ்க்கை 'தூங்குது' என்பார். வந்து வந்து போகும் டிஸ்க் 'மெரண்டு போயிருக்கு'. டக் டக்கென்று உள்ளே அடித்துக்கொள்ளும் டிஸ்க்குக்கு 'மனசு சரியில்ல'.

எனக்கு அவர் பழக்கமானது பள்ளிக்கூடம் வழியாக. அவனியாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் இருக்கும். அப்போதுதான் பள்ளியில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாம் அதில் ஏற்றி வைக்கிற பொறுப்பு என்னுடையது. அரையாண்டு முடிந்து ரேங்க் கார்டு அடிக்க வேண்டிய அன்று டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. லைட் எரிகிறது. 'டொய்ங்' என்று சத்தமும் வருகிறது. திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையே போய்விட்டது என்று நினைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அக்காவின் படியேறினேன்.

காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் சுத்துது டீச்சர். ஒங்க மிஷினுதான் இதப் பாக்க மாட்டேங்குது."

கம்ப்யூட்டரில் எங்கேயோ போய் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். டிஸ்க் அங்கே இருந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அடையாளமாக ஓர் எழுத்தைக் கொடுக்குமாம்; பள்ளிக்கூடத்தில் வேறொரு இணைப்புக்குக் கொடுத்திருந்த எழுத்திலேயே இதுவும் உட்காரப் பார்த்ததால் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கிறது என்றார். எழுத்தை மாற்றினார். அவ்வளவுதான், வகுப்பு வாரியாக எல்லா மதிப்பெண்களும் திரையில் வந்து நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, "இம்புட்டுக்குத்தான் அழுதீங்களாக்கும்? இதெல்லாம் எங்கயும் போகாது டீச்சர்," என்று சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குச் சாமி மாதிரி இருந்தது.

பிறகு ஏதாவது ஒன்றுக்கு அங்கே போய்க்கொண்டிருந்தேன். போகப் போகத்தான் அந்தக் குணத்தின் இன்னொரு பக்கமும் கண்ணில் பட்டது. ஒருநாள் நான் ஏறும்போது ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுக்க ஒரு டிஸ்க்கில் மாட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுப் பந்தி மட்டும் கிடைத்தது. தாலி கட்டியது, மாலை மாற்றியது எதுவும் வரவில்லை.

"மிச்சம் வரும் வரும்னு அக்கா சொல்றாங்க. நானும் மாப்பிள்ள வீட்டுல வரும் வரும்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன்," என்றார். "அந்தப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்துருச்சு டீச்சர். இந்த அக்காகிட்ட பொணத்தக் கொண்டாந்து வச்சாலும், தூங்குது, நாளைக்கு வாங்கம்பாங்க போல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மேலே போய் அக்காவிடம் கேட்டேன், அது நிஜமாகவே வருமா என்று. அவர் தலையை நிமிர்த்தாமல், "வராதுன்னு சொன்னா அவரு அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்லுவாரு?" என்று கேட்டார். அதில் ஏதோ தப்பாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் அது என் வீட்டுக் காரியம் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

என் தம்பிக்குத் திண்டுக்கல்லில் வேலை. வாரக் கடைசியில் பைக்கில் ஆனையூரில் இருக்கும் எங்கள் அப்பா அம்மாவிடம் வருவான். ஒரு சனிக்கிழமை வாடிப்பட்டி தாண்டி வரும்போது லாரி இடித்துவிட்டது. பையை மட்டும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்பா வாங்கிவந்தார். உள்ளே இரண்டு சட்டை, டிபன் பாக்ஸ், கறுப்பாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

அவன் கேமரா பைத்தியம். வீட்டில் எல்லோரையும் எடுத்துக்கொண்டே இருப்பான். எடுத்ததை எல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தான். பேசுகிற, நடக்கிற சின்னச் சின்ன வீடியோக்களும் இருந்தன. இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்திருந்தான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அப்பா அந்த டிஸ்க்கைத் தம்பியின் கம்ப்யூட்டரில் செருகினார். லைட் எரிந்தது. 'டொய்ங்' சத்தமும் வந்தது. பிறகு டக், டக், டக். ஒன்றும் திறக்கவில்லை. அப்பா அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் கேட்டு வேறு ஒயர் வாங்கிவந்து மாட்டினார். பின்பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். காலையில் எழுந்ததும் அதுதான் வேலை. மகன் செத்ததற்கு அவர் இன்னும் அழவில்லை. அவன் பெயரைக்கூட வீட்டில் சொல்லவில்லை. அந்த டக் டக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவார்.

நான்தான் அப்பாவை அக்காவிடம் கூட்டிப்போனேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டிஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினார். காதில் வைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மலரவில்லை.

"ஏம்மா, இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

அக்கா கண்ணைத் திறந்தார்.

"இருக்கும்யா. எங்க போகப் போகுது? விட்டுட்டுப் போங்க, பாப்போம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பா அங்கே போக ஆரம்பித்தார். ஆனையூரிலிருந்து பஸ்ஸில் பெரியார் நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ். மகன் வருகிற கிழமையில் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். வந்ததும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். இந்த வாரம் டப்பாவைக் கழற்றி நேரடியாக மாட்டிப் பார்த்தார்களாம். இந்த வாரம் பிரிட்ஜில் வைத்திருக்கிறார்களாம். பிறகு ஒருநாள், டிஸ்க்கின் அடியில் சர்க்யூட் போட்ட பச்சைப் பலகை ஒன்று இருக்கிறது, அதுதான் பழுது, அதே கம்பெனி, அதே மாடல் டிஸ்க் இன்னொன்று கிடைத்தால் அந்தப் பலகையை எடுத்து இதில் மாட்டலாம் என்று வந்து சொன்னார். மாடல் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேட ஆரம்பித்தார். பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகள், பிரவுசிங் சென்டர்கள், பேரையூர் வரைக்கும் போய்வந்தார். கால் வீங்கியது. ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டார், தூங்கினார். அவர் முகத்தில் தெளிச்சம் வந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் சொல்லாமல் கடைக்குப் போனேன். அப்பா அக்காவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்பா அம்மா வீட்டில் தம்பி பெரியவனான பிறகு எடுத்த படம் ஒன்றும் இல்லை; எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பான். மாலை போட்டு விளக்கேற்ற ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் இருந்தது கம்பெனி அடையாள அட்டைப் படம் மட்டும்தான். பயந்துபோனவன் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பான். அப்பா அதை மாட்டவிடவில்லை.

"இது அவனே இல்ல. நல்ல படம் அதுல இருக்கு. வரட்டும்."

மாதங்கள் போயின. ஆடி அமாவாசை வந்தது, புரட்டாசி போனது. முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போயிருந்த ஒருநாள் அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, நான் எதப் பாத்துக் கும்புடுறது? வெறுஞ்செவத்தப் பாத்து எம்புட்டு நாளைக்கு அழுகுறது? அது வருமா வராதான்னு நீயாச்சும் கேட்டுச் சொல்லு."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நேராக அக்காவிடம் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஈயம் பற்றவைக்க வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க. அது வருமா?"

"பாப்போம் டீச்சர். அந்தப் பலகை கெடச்சா…"

"அக்கா."

அவர் எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பிரித்தார். தம்பியின் டிஸ்க். மேல் மூடி கழற்றியிருந்தது. உள்ளே இருந்த தட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. அதன் நடுவே, வளையல் போட்டு அழுத்தியது போல ஒரு வட்டக் கீறல். சுற்றிலும் கறுப்புத் தூள்.

"முள்ளு ஒடஞ்சு தட்டச் சொரண்டிருச்சு. சொரண்டுன எடத்துல ஒண்ணும் இல்ல, தூளாப் போயிருச்சு; அந்தத் தூளு மிச்சத்தையும் கெடுத்துருச்சு. மெட்ராஸ்ல இதுக்குன்னே ஒருத்தரு இருக்காரு. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். அவரும் கைய விரிச்சுட்டாரு."

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"மொத வாரமே."

"மொத வாரமே தெரிஞ்சா பெறகு எதுக்கு அவர அலைய விட்டீங்க? அந்தப் பலக, மாடலு நம்பரு, அதெல்லாம் என்ன? வயசான மனுசன் கால் வீங்கித் திரியுறாரு. எங்கம்மா வெறுஞ்செவத்தப் பாத்து அழுதுக்கிட்டு இருக்கு. ஒங்களுக்கு இது வெளையாட்டா?"

நான் கத்தியது கீழே சாயக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் துணியின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"வாரா வாரம் சொல்லத்தான் இருந்தேன் டீச்சர். ஒருநா அவரு படியேறி வந்து மூச்சு வாங்க நின்னுக்கிட்டு, 'ஏம்மா, நான் என்ன செய்யணும், ஏதாச்சும் இருந்தா சொல்லு, செய்யுறேன்'னு கேட்டாரு. ஒண்ணும் செய்ய வேணாம்யா, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்றது? வாயில பலகைன்னு வந்துருச்சு."

அவர் டிஸ்க்கைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கொடல்ல புத்து. டாக்டரு படிச்ச மனுசன், நல்லவருதான். அவர எதுக்க வச்சே நெலமையச் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து செவத்தப் பாத்துப் படுத்தவருதான். அதுக்கு முன்னாடி வரைக்கும் என்கூட உக்காந்து ரேடியோ ரிப்பேர் பாத்துக்கிட்டு, இட்லி வாங்கியாடின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அன்னையிலருந்து ஒரு வார்த்த பேசல, அப்படியே போயிட்டாரு. நோய் ஒருபக்கம். அந்தப் பேச்சு ஒருபக்கம்."

"அதுக்காக?"

"அதுக்காகன்னு இல்ல. எனக்கு வாயே வரமாட்டேங்குது டீச்சர். நீங்க சொல்லுங்க. நீங்க மக."

நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆனையூருக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒரு எடத்துல இருக்குன்னு சொல்லியிருக்காய்ங்க பாப்பா. இந்த வாரம் கெடச்சிரும்," என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் வாய் வரவில்லை. அக்காவையும் அவரையும் ஒன்றாக வைத்துத்தான் பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை நானும் வருவேன், நீங்களே சொல்லியாக வேண்டும் என்றேன். அவர் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மத்தியானம் ஆகியும் அப்பா வரவில்லை. மூன்று மணிக்கு மேல் படியில் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. தோள் துண்டில் எதையோ சுற்றிக் குழந்தையைப் போல அணைத்திருந்தார். மேஜையில் வைத்துப் பிரித்தார். தம்பியுடையது மாதிரியே கறுப்பாக ஒரு டிஸ்க். நம்பர் அப்படியே ஒத்திருந்தது.

"கெடச்சிருச்சும்மா," என்றார். "வாடிப்பட்டியில ஒரு பிரவுசிங் சென்டர்க்காரன் வச்சிருந்தான். தர மாட்டேன்னுதான் சொன்னான். வெவரத்தச் சொன்னேன், குடுத்துட்டான்."

வாடிப்பட்டி என்றதும் நான் நிமிர்ந்தேன். தம்பி போனதிலிருந்து அப்பா அந்தச் சாலைப் பக்கமே போனதில்லை. கொடைரோட்டில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. பஸ் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்த எடத்துல கண்ண மூடிக்கணும்னுதான் நெனச்சேன்," என்றார் அப்பா, யாரிடம் என்று இல்லாமல். "மூட முடியல. ஒரு புளியமரம் இருக்கு. அதுலதான் பைக்க சாத்தி வச்சிருந்தாய்ங்களாம். பாத்துட்டேன்." பிறகு அக்காவைப் பார்த்து, "மாட்டும்மா. இன்னைக்கே பாத்துருவோம்," என்றார்.

அக்கா அந்த டிஸ்க்கைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஐயா, போச்சுய்யா."

"என்னது?"

"ஒங்க பையனோடது போச்சு. இத மாட்டுனாலும் வராது. எத மாட்டுனாலும் வராது. மொத வாரமே தெரியும் எனக்கு."

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் முன்பே தெரியும் என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான். முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். குரல் உயரவில்லை.

"அப்பறம் எதுக்கும்மா என்னைய அந்த ரோட்டுல போக வச்ச?"

அப்பா துண்டை மட்டும் உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு டிஸ்க்குகளும் மேஜையில் கிடந்தன. நான் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அடையாள அட்டையை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அவரே ஆணி அடித்தார். அம்மா மாலை போட்டு விளக்கேற்றி, தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதார். அப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் உட்கார்ந்து அழுதார். ஒருவழியாக எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்துவிட்டது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. அதன்பின் அப்பா வெளியே போவதை விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. எதைக் கேட்டாலும் 'ம்' என்று மட்டும் சொன்னார். அம்மா ஒருநாள் என்னிடம், "அந்தப் பொம்பளகிட்டப் போயிக்கிட்டு இருந்தப்பவாச்சும் நாலு வார்த்த பேசுவாரு," என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சில் குத்தியது. அக்கா மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அவர் சொன்ன கதையும் கூடவே இருந்தது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

திதியன்று ஐயர் வந்து எல்லாம் முடித்துக் கிளம்பிய பிறகு, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் அக்கா நின்றார். கையில் ஒரு பையில் ஆப்பிள் பழம். யாரும் கூப்பிடவில்லை. திதி என்றைக்கு, வீடு எங்கே என்பதெல்லாம் முன்பு அப்பா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வரவும் தயங்கி, போகவும் மனசில்லாமல் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். அப்பா அவரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

"யாருத்தா அது?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். அம்மா வாசலுக்குப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

அக்கா படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அந்த டிஸ்க்கை அத்தனை காலம் வைத்திருந்தவர் தம்பியின் முகத்தைப் பார்ப்பது அப்போதுதான் முதல்முறை. வெகுநேரம் பார்த்தார்.

"இவருதானா?" என்றார். "ஐயா சொன்னதுல வேற மாதிரி நெனச்சிருந்தேன். சிரிக்கிற மொகமா."

அம்மா நிமிர்ந்தார்.

"அவரு ஒங்கிட்டச் சொன்னாரா?"

"சனிக்கிழம வந்தா அதான் பேச்சு. அதுல என்னென்ன படம் இருக்குன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுவாரு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல அந்த மனுசன். எனக்குச் சொல்லு. என்ன படம்? சொல்லு."

அக்கா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்த வருஷம் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா காலை நனைத்துக்கொண்டிருந்தது ஒன்று. பொங்கலுக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளையடிக்கும்போது மூக்கில் சுண்ணாம்பு அப்பியிருந்தது ஒன்று. எனக்குப் பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அதைத் தூக்கத் தெரியாமல் தம்பி முழித்தது. அது யாரோ எடுத்ததாம். அப்புறம் ஒரு வீடியோ. அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார். தம்பி கேமராவுக்குப் பின்னாலிருந்து, 'அம்மா, இங்க பாரு, இங்க பாரு' என்கிறான். அம்மா பார்க்க மாட்டேன் என்கிறார். கடைசியில் பார்க்கிறார்.

"ஆமா," என்றார் அம்மா. "ஆமா, கூப்புட்டான். கூப்புட்டுக்கிட்டே இருந்தான்." வாயில் சேலையை வைத்துக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, "இன்னும் சொல்லு," என்றார்.

"அதுல நீங்க நீலச் சேல கட்டியிருப்பீங்களாம்மா."

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நீலமில்ல. பச்ச."

எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அவர் வெளியே வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அக்கா, "ஆமா, பச்ச," என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார். பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதற்குப் பிறகு எதையும் திருத்தவில்லை.

அக்கா கிளம்பும்போது உள்ளறைக் கதவைப் பார்த்து, "ஐயா, வாரேன்," என்றார். அம்மாதான் தெருமுனை வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அது இனிமே இந்த வீட்டுக்கு வர வேணாம்," என்றார்.

அம்மா வாடிய மாலையைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

"வருவா," என்றார். "சனிக்கிழம வரச் சொல்லியிருக்கேன்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை; உட்கார்ந்தே இருந்தார்.